மூளி

கைப்பிடிச் சுவரைத் தாண்டிக் காலை வெளியே வைத்ததும்
வினிபெக் நகரம் செங்குத்தாகிவிடுகிறது.
பக்கத்துக் கயிற்றில் ரேமண்ட் டெஜார்லே.
இருவர் இடுப்பிலும் ரப்பர் சுத்தியல்.
சந்தையில் சட்டி வாங்குகிறவர் மாதிரி
ஒவ்வொரு சுடுமண் கட்டியையும் தட்டிக் கேட்க வேண்டும்,
அவ்வளவுதான் வேலை.
கணீர் என்றால் பச்சைக் கோடு.
பொத்தென்றால் சிவப்பு.
செப்டம்பருக்குள் முடித்தாக வேண்டும்:
விரிசலுக்குள் போன மழை
உறையும்போது இடம் கேட்கும்,
கேட்டால் வாங்காமல் விடாது.

ஆறாம் மாடியில் ஜன்னல் வளைவுக்கு ஒன்றாக
ஒன்பது சிங்கங்கள்.
தும்பிக்கை இல்லை, ஆகவே யாளி இல்லை.
விதை விற்றவரின் சிங்கம், வாயில் கோதுமைக் கதிர்.
1906.
ரயில் இன்னும் இரண்டு பாதை போடும்,
மனை விலை இறங்கவே இறங்காது என்று
ஹால்வர் சிகுர்ட்சன் கணக்குப் போட்ட வருடம்.
எல்லாம் ஒரே அச்சு.
எல்லைக்குத் தெற்கே எங்கோ வெந்து
வைக்கோல் பொதிந்த பெட்டிகளில் வந்து இறங்கியவை.
நான்காவது மட்டும் சூளையில் கொஞ்சம் இளகி
இடது உதடு தொங்கிவிட்டது,
பல்வலிக்காரனைப் போல.
எண்பதடி உயரத்தில் யார் பார்க்கப்போகிறார்கள் என்று
பதித்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.
பார்த்தேன்.

மூலை திரும்பினால் சிகுர்ட்சனின் பணப்பை நீளம் தெரியும்.
வெள்ளை மெருகு சந்துக்குள் ஆறடி வந்து
சட்டென்று நின்றுவிடுகிறது.
அப்புறம் வெறும் செங்கல்;
முன்னால் கோட்டு, முதுகில் கிழிசல்.
செங்கல்மேல் மங்கிய பெயின்டில்
விதைகள், விதைகள், வி
என்பதோடு சரி.
மிச்சத்தைப் பக்கத்துக் கட்டடம் ஒட்டி நின்று விழுங்கிவிட்டது.

விதைக்காரர் திவாலான பின்
நான்காம் மாடியும் மூன்றாம் மாடியும் கையுறைத் தொழிற்சாலை.
ஜன்னல் கட்டையின் பிளவுகளில்
உடைந்த ஊசி முனைகள், மரத்தோடு மரமாகத் துருவேறி.
அடித்தளத்தில் அகப்பட்ட சம்பளப் பேரேட்டில்
ஒக்ஸானா ப்ரிகோட்கோ, நாளுக்கு முப்பது ஜோடி.
ஜன்னல் திறந்ததற்கு அபராதம் பத்து சென்ட்.
எந்த ஜன்னல் என்று எழுதவில்லை.
உள்ளே ஓரடிக்கு ஓரடி ஃபிர் மரத்தூண்கள்.
தீப்பிடித்தால் மேல்தோல் கரியும், நடுமரம் நிற்கும்,
ஆட்கள் இறங்கி ஓட அரைமணி கிடைக்கும்
என்பது கட்டியவர் கணக்கு.
அந்த அரைமணியை இதுவரை யாரும் செலவழிக்கவில்லை.

இரண்டாம் மாடியில் பொத், பொத், பொத்.
என் சிவப்புச் சுண்ணம் அங்கேயே தீர்ந்தது.

தரைத்தளத்தை மூடியபடி நீல அலுமினியத் தகடு.
1961இல் ஒரு காலணிக் கடைக்குப்
புதுசாகத் தெரிய வேண்டியிருந்தது.
ரேமண்ட் திருகாணிகளைக் கழற்றினான்.
பின்னால் இன்னும் ஐந்து சிங்கங்கள்.
தகடு சமமாக உட்கார மூக்கு இடித்தது,
மூக்கை எடுத்தார்கள்.
பிறகு நெற்றி. பிறகு கதிர்.
ஐந்தும் மூளி.

உளி பிடித்தவர்மேல் கோபம் வரப் பார்த்தது.
ஆனால் முதல் இரண்டில்
பிடரி ஓரம் நலுங்காமல்
நிதானமாகப் போயிருக்கிறது கை.
மூன்றாவதிலிருந்துதான் அவசரம்.
வெள்ளிக்கிழமை சாயங்காலமாக இருந்திருக்கும்.

"புது முகம் வார்க்க ஒரு நல்ல அச்சு வேண்டும், மேலே எது?"
கீழேயிருந்து கேட்டார் உரிமையாளர் பிரெண்டா வோய்சிக்.
ரேமண்ட் என்னைப் பார்த்து
இடது உதட்டை விரலால் கீழே இழுத்தான்.

படிவத்தில் எழுதினேன்:
ஆறாம் மாடி, நான்காவது.
காரணம்: ஒன்பதில் இதன் ஒலிதான் சுத்தம்.
பொய்யில்லை.

"வாய் கோணலாக இருக்கிறதே," என்றார், போட்டோவைப் பெரிதாக்கி.
"ஆமாம்."
"இங்கே எல்லோர் கண்ணிலும் படுமே."
"படும்."
யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுக் காருக்குப் போனார்.

கைரேகையெல்லாம் பச்சையும் சிவப்பும்.
தாளோடு பிடித்து
சாண்ட்விச்சைத் தின்றேன்.